கயிறு பிடிக்கும் கை

தூத்துக்குடியில் வருஷந்தோறும் ஜூலை 26-ந் தேதி பனிமய மாதா கோயிலில் கொடி ஏறும். ஆகஸ்ட் 5-ந் தேதி திருவிழா. உத்தியோகத்தை முன்னிட்டுச் சென்னையிலும் மும்பையிலும் குடியேறிவிட்ட தூத்துக்குடிக்காரர்கள் அந்த நாட்களில் ஊர் திரும்புவது வழக்கம். நாம் அறிந்த ஒரு குடும்பம் மட்டும் தொடர்ந்து மூன்று வருஷம் வரவில்லை. லீவு கிடைக்காமலில்லை, பணமுடையும் இல்லை. ஊரிலிருந்த பாட்டனார், "இந்த வருஷமாவது வருகிறீர்களா?" என்று கேட்பார். மகன் ஏதேனும் சாக்குச் சொல்வார். உண்மைக் காரணத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சம். வழியில் உள்ள கழிப்பறைதான் அந்தக் காரணம்!

சிரிப்பதற்கில்லை. அவர்களுடைய ஒன்பது வயதுப் பையனுக்கு ஆட்டிஸம் என்னும் நிலை உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் தானே ஒழுங்காகச் செய்துகொள்ளும் பையன், வெளியிடத்துக் கழிப்பறையின் வாசலைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். ஒரு முறை ஒரு ரயில் நிலையத்தில் தகப்பனார் அவசரத்தில் அவனை உள்ளே இழுத்துச் சென்றார். அதே சமயம் அடுத்த அறையில் யாரோ ஃப்ளஷ்ஷை இழுத்தார்கள். பையன் திமிறிக்கொண்டு ஓடிப் பிளாட்பாரத்தின் விளிம்புக்கே போய்விட்டான். ஒரு போர்ட்டர் பிடித்து நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! சூழ்ந்து நின்றவர்கள், "இவ்வளவு பெரிய பையனை இப்படியா வளர்ப்பது?" என்று உபதேசம் செய்தார்கள்.

அதன் பிறகு வெளியே புறப்படும் நாட்களில் தாயார் பையனுக்குத் தண்ணீர் கொடுப்பதையே குறைத்துவிட்டார். அவனும் எட்டு மணி, பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டிருப்பான். இப்படி அடக்கினால் சிறுநீர்ப்பாதையில் நோய் காணும், மலச்சிக்கலும் முற்றும் என்று டாக்டர் எச்சரித்தார். பிரயாணமே நின்றுபோயிற்று.

பிடிவாதம் அன்று

1943-ல் அமெரிக்காவில் லியோ கான்னர் என்னும் வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையினால் ஆட்டிஸம் வைத்திய உலகில் பிரசித்தமாயிற்று. இது தொற்று வியாதி அன்று. வளர்ப்பில் நேர்ந்த குற்றமும் அன்று. மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேறுபாடு. இத்தகைய குழந்தைகளில் பலருக்குப் புலன்கள் அளவு மீறிக் கூர்மையாயிருக்கும். அமெரிக்காவில் கால்நடை விஞ்ஞானப் பேராசிரியையாகப் புகழ்பெற்ற டெம்பிள் கிராண்டின் அம்மையாரே ஆட்டிஸம் உள்ளவர். சிறு வயதில் உரத்த சத்தங்கள் தமக்கு உடல் வலியாகவே இருந்தன என்று அவர் எழுதியிருக்கிறார்.

இனிப் பொதுக் கழிப்பறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கும் சத்தம், பினாயில் நெடி, ஈரத் தரை, மினுக்கி மினுக்கி எரியும் குழல் விளக்கு, சொல்லாமல் கொள்ளாமல் சீறும் கை உலர்த்தும் யந்திரம், ஆள் நகர்ந்ததும் தானாகவே பாயும் தண்ணீர். நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்வரும் இடம், அக்குழந்தைக்கு அபாயம் பதுங்கியிருக்கும் இடம். அவன் அலறுவது பிடிவாதத்தினால் அன்று, வலியினாலும் பயத்தினாலுந்தான்.

பாட்டனார் சொன்ன புத்தி

நான்காம் வருஷம் பாட்டனார் தாமே சென்னைக்கு வந்துவிட்டார். வயது எண்பதைக் கடந்தவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக 1961-ல் முத்துக்குளிப்பு நடந்தபோது இளைஞராக வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவர். முத்துக் குளிப்பவன் கல் கட்டிய கயிற்றின் துணையால் பாருக்கு இறங்குவான். ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பிகளைப் பொறுக்குவான். அவன் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மைத்துனனிடந்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு.

விஷயம் முழுவதையும் கேட்ட பெரியவர் மருமகளைப் பார்த்து, "அம்மா, கீழே போனவன் கயிற்றை அசைத்தால் உடனே தூக்கவேண்டும். 'இன்னும் நாலு சிப்பி எடு' என்று காக்கவைத்தால் மறுநாள் அவன் கடலில் இறங்கமாட்டான். பிள்ளையை உள்ளே தள்ளினீர்களே தவிர, அவன் கையில் கயிறு கொடுக்கவில்லையே!" என்றாராம்.

அன்றே ஒரு சங்கேதம் ஏற்பட்டது. பையன் தாயின் கையை இரண்டு முறை அழுத்தினால், எந்த நிலையிலும், மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிடவேண்டும். ஜன நடமாட்டம் இல்லாத நடுப்பகலில் அருகிலுள்ள கழிப்பறை ஒன்றுக்குப் போனார்கள். முதல் நாள் வாசலோடு சரி. பிறகு உள்ளே போய்ப் பத்து எண்ணும்வரை நிற்பது. பிறகு கை கழுவுவது. ஆரம்பத்தில் அவன் கையை அழுத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் உடனே வெளியே வந்தார்கள். நினைத்தபோது வெளியே வரலாம் என்று அறிந்ததும், உள்ளே போகும் துணிவு மெல்ல மெல்லப் பிறந்தது. ஆறாவது வாரத்தில் தன் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தான்.

கைப்பையில் வேண்டியவை

இத்தகைய குழந்தை உள்ள வீட்டாருக்குப் பயன்படக்கூடிய சில யோசனைகள்:

கதவு, உட்காருவது, கழுவுவது, கை அலம்புவது, வெளியே வருவது என்று வரிசையாகப் படம் வரைந்த அட்டை ஒன்று தயாரித்து வீட்டிலேயே காட்டிப் பழக்கலாம். காதை மூடும் சாதனம், வீட்டுச் சோப்பு, வீட்டுத் துண்டு, வீட்டுக் குவளை இவற்றை உடன் கொண்டுபோகலாம். பழகிய பொருள் புதிய இடத்தைப் பாதி பழகியதாக்கும். தானாகத் தண்ணீர் பாயும் இடங்களில் அதன் கண்ணாடிக் கண்ணை ஒரு காகிதத்தால் மறைக்கலாம். குழந்தை வெளியே வந்தபின் பெரியவர் ஃப்ளஷ்ஷை இழுக்கலாம். வந்தே பாரத் ரயில்களில் காற்றால் உறிஞ்சும் முறையாதலால் சத்தம் திடீரென்று எழும். முன்னதாகச் சொல்லிவைப்பது நலம். சில குழந்தைகளுக்கு வயிற்றின் அறிகுறி தாமதமாகவே தெரியும். அவர்களைக் கடிகாரம் பார்த்து அழைத்துச் செல்லவேண்டும். வளர்ந்த மகனுடன் தாய் தனியே செல்ல நேர்ந்தால், சக்கர நாற்காலிப் படம் போட்ட தனி அறை இருவருக்கும் ஏற்றது. மாற்றுத் துணியை மறக்கவேண்டாம். தண்ணீரை மட்டும் குறைக்கவே வேண்டாம்.

சென்ற திருவிழாவுக்கு அக்குடும்பம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் புறப்பட்டது. வண்டி எழும்பூரில் நிற்கும்போதே தகப்பனார் கழிப்பறையைத் திறந்து காட்டினார். செங்கற்பட்டைத் தாண்டியதும் பையன் ஒரு முறை உள்ளே போனான், கையை அழுத்தினான், திரும்பிவிட்டார்கள். விழுப்புரத்துக்குப் பின் மறுபடியும் போனான். இம்முறை கை அழுத்தவில்லை. திருவிழாக் கூட்டத்துக்குள் அவன் வரவில்லைதான். பாட்டனார் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே வேடிக்கை பார்த்தான். அதனால் என்ன? வீட்டுக்கு வந்து சேர்ந்தானே!

நம்முடைய பங்கு

1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஆட்டிஸத்துக்கு இடமில்லை. 2016-ல் இயற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 நிலைகளில் ஆட்டிஸமும் ஒன்று. சாய்தளம் கட்டுவதோடு கடமை தீர்ந்ததாக எண்ணலாகாது. சத்தமும் நெடியும்கூடச் சிலருக்குப் படிக்கட்டு போன்ற தடைகளே. லண்டனைச் சார்ந்த காட்விக் விமான நிலையத்தில் 2016-ல் ஒரு சிறு ஏற்பாடு செய்தார்கள். வெளிப்பார்வைக்குத் தெரியாத குறையுள்ளவர்கள் சூரியகாந்திப் பூப்போட்ட நாடாவைக் கழுத்தில் அணியலாம். அதைக் கண்ட ஊழியர்கள் பொறுமையுடன் உதவுவார்கள். பிற தேசங்களிலும் அது பரவியிருக்கிறது. இதற்குப் பெருஞ் செலவும் இல்லை.

நம்மவர் கப்பலில் நம்மவர் பிரயாணம் செய்யவேண்டுமென்று 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார் தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 'நம்மவர்' என்னும் சொல்லில் இந்தக் குழந்தைகளும் அடக்கம் அல்லவா?

அடுத்த முறை ஒரு கழிப்பறை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையைக் கண்டால் உபதேசம் வேண்டாம். உற்றுப் பார்க்கவும் வேண்டாம். கை உலர்த்தும் யந்திரத்தைச் சற்று நேரம் இயக்காமல், ஓர் அடி விலகி வழி விடுங்கள். கயிற்றின் ஒரு முனை பெற்றோர் கையில் இருக்கிறது. அது சிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.