கைவசப் பதில்கள் தீரும்வரை

பிரபலங்களின் நீண்ட நேர்காணல்கள் நம்மைக் கட்டிப்போடுவது ஏன்? அவர்களுடைய புகழும், வாய் தவறி வெளிவரக்கூடிய ரகசியமும்தான் காரணம் என்பார்கள். புகழுக்கு ஐந்து நிமிடப் பேட்டி போதும். ரகசியத்துக்கு மறுநாள் பத்திரிகையில் இரண்டு பத்தி போதும். நேர்காணலின் சுவை வேறிடத்தில் இருக்கிறது. மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள் எந்தப் பிரபலத்திடமும் கைவசம் இருக்கும். அவை தீர்ந்தபின் அவர் அங்கேயே யோசித்துத்தான் பேசியாக வேண்டும். அந்த யோசனையை நேரில் பார்ப்பதற்காகத்தான் நாம் மணிக்கணக்கில் உட்காருகிறோம்.

1977இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட், பதவி விலகிய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனை 28 மணி நேரத்துக்கும் மேலாகப் பேட்டி கண்டார். பொதுமன்னிப்பு பெற்றுவிட்டதால், தன்னைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் நீதிமன்றக் கூண்டில் ஏறவே இல்லை. கேள்விகள் அவருக்கு முன்கூட்டித் தரப்படவில்லை. ஃப்ராஸ்டின் ஆய்வாளர்களோ நிக்சனின் உரையாடல்களின் அதிகம் வெளிவராத ஒலிப்பதிவுப் பிரதிகளைத் தேடி எடுத்திருந்தார்கள். 'தவறுகள்' என்ற சொல்லோடு நிக்சன் நிறுத்திக்கொண்டபோது ஃப்ராஸ்ட் அதை ஏற்கவில்லை. வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள் என்று நிக்சன் திருப்பிக் கேட்டார். ஃப்ராஸ்ட் குறிப்பு அட்டையைக் கீழே எறிந்துவிட்டு, மக்கள் கேட்கக் காத்திருப்பவை எவை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். நாட்டைக் கைவிட்டுவிட்டதாக நிக்சன் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான்.

பேட்டிக்கு 6 லட்சம் டாலர் வாங்கியவரின் வாக்குமூலம் நடிப்பாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் ஒத்திகை பார்க்காத நடிப்பு, ஆளைக் காட்டிக்கொடுக்கும். நாம் பார்ப்பது எடிட்டிங் செய்த பகுதிதானே என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். அதனால்தான் நேர்காணலை ஒரு சாட்சியமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், அது தீர்ப்பாகாது. குறுக்கு விசாரணை செய்தால்தான் ஏதாவது வருமா என்றால், அதுவும் இல்லை. 1962இல் த்ரில்லர் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கைப் பேட்டி கண்ட இயக்குநர் ஃப்ரான்சுவா த்ரூஃபோ அவருடைய பரம ரசிகர். தன்னுடைய 'சஸ்பிஷன்' படத்தில் மாடிப்படி ஏறிவரும் பால் டம்ளர் பளிச்சென்று தெரிவதற்காக அதற்குள் விளக்கு வைத்ததை ஹிட்ச்காக் அவரிடம் விளக்கினார். படங்களைக் காட்சி காட்சியாக அறிந்தவர் கேட்டதால் வந்த பதில் அது. ஃப்ராஸ்டுக்கும் த்ரூஃபோவுக்கும் பொதுவானது தயாரிப்புதான். அது இல்லாவிட்டால் மூன்று மணி நேரப் பேட்டியும் அரட்டைதான். அடுத்த கேள்வி, இப்போது வந்த பதிலிலிருந்து பிறக்கிறதா என்று பாருங்கள். பேட்டி தேறுமா தேறாதா என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.