முதலில் 9 போடணும்! ஆபீஸ் போன் இன்டர்நெட்டுக்கு மாறிய கதை

நாலு தடவை போன் செய்தாள் 9 வயதுச் சிறுமி. நாலு தடவையும் லைன் போகவில்லை!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்று ஒரு ஊர். 2013 டிசம்பரில் அங்கே ஒரு லாட்ஜ் அறையில் அவளுடைய தாய் தாக்கப்பட்டார். சிறுமி அறையில் இருந்த போனை எடுத்தாள். அந்த நாட்டில் போலீசைக் கூப்பிட 911. அதைத்தான் அழுத்தினாள்.

ஏன் போகவில்லை? லாட்ஜ் போனில் வெளி லைன் வேண்டுமென்றால் முதலில் 9 அழுத்த வேண்டும். பாவம், குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனார்.

தாத்தா விடவில்லை. சட்டம் வேண்டும் என்று அலைந்தார். 2018-ல் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அந்த நாட்டில் மாட்டுகிற ஆபீஸ், லாட்ஜ் போன்களில் 911 நேராகப் போயாக வேண்டும்!

50 மேஜை, 5 லைன்

அது என்ன 9? நம்ம ஆபீசுகளிலும் 0 அல்லது 9 போட்டுத்தானே வெளியே பேசுகிறோம்!

50 மேஜைக்கும் தனித்தனி லைன் வாங்கினால் கம்பெனி தாங்குமா? அதனால் 5 லைன் வாங்கி, நடுவில் ஒரு பெட்டி வைத்தார்கள். உள்ளே பேச உள் நம்பர். வெளியே பேச 9. ஆரம்பத்தில் ஆபரேட்டர் உட்கார்ந்து கயிறு மாற்றிச் செருகிய வேலை இது.

1975-ல் கனடாவின் நார்தர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி 'எஸ்.எல்.1' என்ற டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுவந்தது. பேச்சை நொடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக மாற்றுவதுதான் டிஜிட்டல். எண்ணாகி விட்டால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஒருவருக்கு வந்த போனை இன்னொருவருக்குத் தள்ளுவது, மூன்று பேர் சேர்ந்து பேசுவது எல்லாம் சுலபமாகிவிட்டது.

இந்தியாவில் 1984-ல் 'சி-டாட்' பிறந்தது. அதன் கிராம எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகாவில் கிட்டூரில் ஓட ஆரம்பித்தது. ஆபீசுக்கான பெட்டியும் அங்கே தயாரானது.

பெட்டி வாங்கக் காசில்லை!

1995-ல் இஸ்ரேலின் வோகல்டெக் கம்பெனி இன்டர்நெட்டில் பேசும் சாப்ட்வேரை விற்றது. பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் வேண்டும். ஆனாலும் பேச முடிந்தது!

அடுத்து வந்தார் மார்க் ஸ்பென்சர். அலபாமாவில் காலேஜ் மாணவர். சின்னதாகக் கம்பெனி ஆரம்பித்தார். ஆபீஸ் போன் பெட்டி விலையைக் கேட்டார், தலை சுற்றியது. "நாமே செய்வோம்" என்று 1999-ல் சாதாரண கம்ப்யூட்டரிலேயே எழுதிவிட்டார். பெயர் 'ஆஸ்டெரிஸ்க்'. யார் வேண்டுமானாலும் இனாமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டும்விட்டார்!

பல ஆயிரம் கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் சாப்ட்வேர் ஆனது இப்படித்தான். பேச்சைத் துண்டு துண்டாக, பொதுவாக நொடிக்கு 50 பொட்டலமாகக் கட்டி இன்டர்நெட்டில் அனுப்புகிறது. எதிர்முனையில் பிரித்துச் சேர்த்துக் கேட்க வைக்கிறது.

இந்தியாவில் 2002 ஏப்ரல் 1-ந் தேதிதான் இதற்கு அனுமதி கிடைத்தது. அதிலும் வேடிக்கை! கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனைக் கூப்பிடலாம், உள்நாட்டு போனைக் கூப்பிடக்கூடாது! கட்டுப்பாடு பின்னால்தான் தளர்ந்தது.

எஸ்.எல்.1 செய்த கம்பெனி என்னாச்சு? நார்டெல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2009 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

கரண்ட் போனால்?

செலவு குறைந்தது வாஸ்தவம். ஆனால் பழைய செம்புக் கம்பி சத்தமில்லாமல் இரண்டு உபகாரம் செய்துகொண்டிருந்தது.

ஒன்று, கரண்ட். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் கம்பியிலேயே வரும். தெருவே இருட்டானாலும் சாதா போன் பேசும். இன்டர்நெட் போன் அப்படியில்லை. ரூட்டருக்குக் கரண்ட் போனால் போனும் ஊமை!

இன்னொன்று, விலாசம். கம்பி எந்த வீட்டில் முடிகிறதோ அதுதான் இடம். இன்டர்நெட் போனை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். தீப்பிடித்தது என்று கூப்பிட்டால் வண்டி எங்கே வரும்? அதனால்தான் அமெரிக்காவில் அதே 2018-ல் இன்னொரு சட்டம் போட்டு, எந்தக் கட்டடம், எந்த மாடி என்பதும் போனோடு சேர்ந்து போக வேண்டும் என்றார்கள்.

கடைக்காரர்களே, ஆபீஸ் மேனேஜர்களே! போன் மாட்ட வருகிறவர் "மாசம் இவ்வளவு மிச்சம் சார்" என்பார். மிச்சம்தான். கூடவே மூன்று கேள்வி கேளுங்க. கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் பேசும்? 112 போட்டால் முன்னால் எதுவும் சேர்க்காமல் நேராகப் போகுமா? பில்லில் இருக்கிற விலாசமும் போன் இருக்கிற இடமும் ஒன்றுதானா?

மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்க!