ஆபரேஷன் முடிஞ்சாச்சு, குழந்தை ஏன் இன்னும் பேசல?

ஸ்பீச் தெரபிஸ்டா எனக்கு அடிக்கடி வர்ற கேள்விதான் இன்னிக்கு எபிசோடு. ஆரம்பாக்கத்துல ரயில் ஏறி சென்னைக்கு தெரபிக்கு வர்ற ஒரு அம்மா கேட்டாங்க: "ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு மேடம். மூணு வயசுப் பையன், இன்னும் 'அம்மா'ன்னு கூப்பிடலையே?"

காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்ச அன்னிக்கே காது கேக்காது. காயம் ஆறி, சில வாரம் கழிச்சு, வெளியில மாட்டுற ப்ராசஸரை ஆன் பண்ணுவாங்க. அன்னிக்குத்தான் கேக்குற வயசு ஆரம்பிக்குது. அந்தப் பையனுக்கு அது ஏழு மாசம். ஏழு மாசக் குழந்தை கிட்ட நாம வார்த்தையை எதிர்பார்ப்போமா?

அப்புறம் ப்ராசஸர்ல பதிவான நேரத்தைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் போட்டிருக்கான். "வேர்வைல கெட்டுடுமோன்னு கழட்டிடுவேன் மேடம்"னாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு கேபிள் போனாலே செலவுதான். ஆனா தூக்கம், குளியல் தவிர முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மாட்டியிருக்கணும். ராத்திரி ஈரம் உறிஞ்சுற டப்பால வெச்சா வேர்வைக்கும் வழி உண்டு.

வேற எதெல்லாம் பலனைத் தீர்மானிக்குது? முதல்ல வயசு. கேட்டுப் பழகுற மூளைப் பகுதி முதல் மூணரை வருஷத்துலதான் நல்லா வளைஞ்சு கொடுக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இலவசமா செய்றாங்கன்னு, அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. அடுத்து மேப்பிங்: கருவி கொடுக்கிற ஒலி அளவைக் குழந்தைக்குத் தக்கபடி திருத்துறது. அதுக்குச் சொன்ன தேதியில போகணும். செவி நரம்பு மெலிஞ்சிருந்தாலோ, மூளைக் காய்ச்சலால காது கேக்காம போயிருந்தாலோ பலன் குறையலாம். அது பெத்தவங்க தப்பு இல்ல.

மொழி? ஆரம்பாக்கம் ஆந்திர எல்லை. அவங்க வீட்டுல பேசுறது தெலுங்கு. "தமிழ்லதான் பேசணுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்மா, உங்களுக்குத் தடங்கலில்லாம வர்ற மொழியிலயே பேசுங்க. ரயில்ல சத்தம் அதிகம். மடியில வெச்சு, மைக் பக்கத்துல எளாவூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரின்னு ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் சொல்லிட்டே வாங்கன்னேன்.

ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ பதிவு ஒன்பது மணி நேரம் காட்டுச்சு. 'அம்மா' இன்னும் வரல. ஆனா பின்னாடி நின்னு பேர் சொன்னேன். பையன் திரும்பிட்டான்.