பீகிளின் மூக்குக்கு வேலை கொடுங்கள்

வாசல் கேட் ஒரு நிமிடம் திறந்திருந்தால் போதும், பீகிள் தெருவுக்குப் போய்விடும். மூக்கைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடும். பின்னால் நின்று எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. ‘சொன்ன பேச்சு கேட்காத நாய்’ என்று சிலர் அதை அடிக்கிறார்கள். சிலர் பகல் முழுக்கப் பால்கனியில் கட்டிப்போடுகிறார்கள். வேறு சிலர் எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். இவை மூன்றும் நாயின் குணத்தை மாற்றாது, உங்களைத்தான் சட்டத்தின் பிடியில் சிக்கவைக்கும்.

ஏன் இப்படி?

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகவே வளர்த்தெடுத்த இனம் பீகிள். கூட்டமாக மோப்பம் பிடித்து முன்னே ஓடும்; வேட்டைக்காரர்கள் பின்னால் நடந்து வருவார்கள். மனிதர் கட்டளைக்குக் காத்திராமல் தானே வழி தேடுவதும், தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க நீண்ட ஊளையிடுவதும் அதன் தொழில். புதருக்குள்ளும் கண்ணில் படவே வால் நுனி வெள்ளையாக இருக்கிறது. இன்று நாம் குறையென்று சொல்லும் இந்தக் குணங்களுக்காகத்தான் தலைமுறை தலைமுறையாக இதைத் தேர்ந்து வளர்த்தார்கள். அடித்தால் நாய்க்குப் பயம் வரும், மோப்பம் போகாது.

அதே மூக்கை நல்வழிக்குத் திருப்பவும் முடியும். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், பயணிகள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க அமெரிக்க வேளாண்மைத் துறை பீகிள்களைப் பழக்கியது. தின்பண்டமே அவற்றுக்குக் கூலி.

வீட்டில் செய்ய வேண்டியவை

* தினமும் இரண்டு வேளை நடத்திச் செல்லுங்கள். நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் உகந்த நேரம். புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். வழியில் நின்று முகரவும் விடுங்கள். முகர்வதும் அதற்கு உழைப்புதான்.
* திறந்த வெளியில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். ‘வா’ என்ற சொல்லை முதலில் வீட்டுக்குள், பிறகு மாடியில், பிறகு நீளக் கயிற்றோடு மைதானத்தில் பழக்குங்கள். வந்தவுடன் தின்பண்டம் கொடுங்கள். தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை வராது.
* உணவைத் தட்டில் கொட்டாமல், பழைய துண்டில் சுருட்டியோ அட்டைப் பெட்டிகளில் ஒளித்தோ தேட விடுங்கள். தேடிக் களைத்த நாய் அமைதியாகப் படுக்கும்.
* தனிமையில்தான் ஊளை அதிகமாகும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மெல்ல மெல்லத் தனியே இருக்கப் பழக்குங்கள்.
* பீகிளுக்குப் போதும் என்பதே தெரியாது, எளிதில் உடல் பெருத்துவிடும். பயிற்சிக்குக் கொடுக்கும் பண்டத்தை அன்றைய உணவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். சாக்லேட், வெங்காயம், பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு.
* தொங்கும் காதில் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கலாம். வாரம் ஒருமுறை பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவின்படி நாயை அடிப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமலிருப்பதும், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் அப்படியே. அப்படிக் கட்டி வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தருவது உங்கள் விருப்பம் மட்டுமல்ல, சட்டக் கடமை.

குட்டி வாங்குகிறவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றையும் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமமும் பெற வேண்டும்.

நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது. குரைப்பதைக் காரணம் காட்டியும் வெளியேற்ற முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டுத் தெளிவுபடுத்தியது. தடை வந்தால் அந்த வழிகாட்டுதலின் நகலோடு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். யாராவது நாய்க்கு விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு. உங்கள் அலட்சியத்தால் நாய் பிறர் உயிருக்கு ஆபத்தானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு உங்கள் மேல் பாயும். எனவே ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். தெருவில் கழிவை அள்ளுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஓடிப்போனால்

கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணும், உடலில் மைக்ரோசிப்பும் முன்கூட்டியே இருக்கட்டும். காணாமல் போன இடத்தில் நீங்கள் உடுத்திய துணியைப் போட்டு வையுங்கள். வாசனை பிடித்தே போன நாய், வாசனை பிடித்தே திரும்பவும் கூடும்.

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் தயவுசெய்து பீகிள் வாங்காதீர்கள். வாங்கிவிட்டவர்கள் இன்று மாலையே கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.