தொட்டிக்குள் தேங்கும் ஈரம்

செஞ்சிக் கோட்டை மலைகளைச் சுற்றியுள்ள செம்மண்ணில் மல்லாட்டை (வேர்க்கடலை) செழித்து வருகிறது. அதே மண்ணை அள்ளித் தொட்டியில் நிரப்பி சைவ்ஸ் (chives) என்ற கீரையை நட்டால் பெரும்பாலும் வேர் அழுகிவிடும். மண் கெட்டதல்ல; அது இருக்கும் இடம்தான் மாறிவிட்டது.

நிலத்தில் விழும் நீரை அடிமண் கீழே இழுத்துக்கொண்டே போகும். தொட்டியில் அந்தத் தொடர்ச்சி அடித்தட்டோடு அறுந்துவிடுகிறது. துளை இருந்தாலும், நுண்ணிய துகள்களின் இடுக்குகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடிப்பகுதி சொதசொதவென்றே கிடக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது. அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம் இதைச் சரிசெய்யாது. ஈரம் ஜல்லிக்கு மேலே தங்கி வேரை இன்னும் நெருங்கும். துளையை மூட ஓர் ஓட்டுச்சில்லு போதும். மாற்ற வேண்டியது மண்கலவையை.

சைவ்ஸ் வெங்காயக் குடும்பத்துச் செடி. கிழங்குக்காக அல்ல, மெல்லிய குழல் இலைக்காக வளர்ப்பது. இலை புல்லைப் போல அடியிலிருந்து வளர்வதால், இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். வேர் ஆழம் போகாது. முக்கால் அடி ஆழத் தொட்டி தாராளம்.

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு என்று கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசியே சேர்க்க வேண்டும். நொறுக்கிய மல்லாட்டைத் தோலும் கலவையைப் பொலபொலப்பாக்கும். ஆனால் அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கைப்பிடி அளவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அறுவடையும் தழைச்சத்தை எடுத்துப்போவதால், மாதம் ஒருமுறை மல்லாட்டைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர் கலந்து ஊற்றுவது இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான உரம்.

விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும்; புதியதாக வாங்குங்கள். அடைமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் மாசியில் அறுக்கலாம். சித்திரை வெயில்தான் இதற்குச் சோதனை. குளிர்நாட்டுச் செடியாதலால் வளர்ச்சி நின்றுவிடும், நிழலுக்கு நகர்த்த வேண்டும். செஞ்சிக்கு நான் பரிந்துரைப்பது சைவ்ஸின் தட்டை இலை உறவை. மலேசியாவில் குச்சாய் என்று விற்கும் இந்தக் கீரைக்குப் பூண்டு வாசம். வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். அதுவும் கிடைக்காவிட்டால், இதே கலவையில் சின்ன வெங்காயத்தை ஊன்றித் தாளைக் கிள்ளிக்கொள்ளுங்கள்.