மீனுக்கும் இரவு வேண்டும்

"டீச்சர், என் நியான் டெட்ரா மீன்களுக்கு ஏதோ நோய். காலையில் பார்த்தால் நீலக்கோடே காணோம். விளக்கைப் போட்டதும் தொட்டிக்குள்ளே மூலைக்கு மூலை ஓடுது."

ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் இப்படிக் கவலையோடு வந்து நின்றான். தண்ணீரை மாற்றினானாம், உணவை மாற்றினானாம், கடையில் வாங்கிய மருந்தையும் ஊற்றிப் பார்த்தானாம். பயனில்லை.

"தொட்டி விளக்கை எப்போது அணைப்பாய்?" என்று கேட்டேன்.

"தொட்டி என் படிப்பு மேசையில்தான் இருக்கு. எஸ்.பி.எம். வருதே டீச்சர், படிச்சு முடிக்க மணி ஒன்று, இரண்டு ஆகிடும். சில நாள் அணைக்காமலே தூங்கிடுவேன். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் மறுபடி போடுவேன்."

மாணவர்களே, அவன் பார்த்த நிற மங்கல் நோயே அல்ல. நியான் டெட்ராவின் நீலக்கோடு வெறும் சாயம் அன்று. தோல் செல்களில் உள்ள மிகச் சிறிய குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் நிறம் அது. இருளில் அந்தப் படிகங்களின் அமைப்பு மாறுவதால் கோடு மங்குகிறது. வெளிச்சம் வந்து சிறிது நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். அதாவது, அவன் மருந்து ஊற்றியது அப்போதுதான் விழித்த மீனுக்கு!

அப்படியென்றால் மீன்கள் ஏன் மிரண்டு ஓடின? நடு இரவில் யாராவது அறை விளக்கைப் போட்டால் நாம் கண்ணை இறுக மூடிக்கொள்வோம். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. நம் கண்மணி வெளிச்சத்தில் உடனே சுருங்கும். பல மீன் இனங்களுக்கு அந்த வசதியும் இல்லை. அதற்குப் பதிலாக அவற்றின் விழித்திரையில் உள்ள ஒளி உணரும் செல்களும் நிறமிகளும் இடம் மாறி, கண்ணைப் பகலுக்குத் தயார் செய்கின்றன. இது முடியப் பல நிமிடங்கள் ஆகும். அதற்கு முன்பே பளீரென்று விளக்கு எரிந்தால் மீன் மிரளாமல் என்ன செய்யும்?

இமை இல்லாததால் மீன் தூங்குவதே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தூங்கும். அடிப்பகுதியிலோ செடிகளுக்கு இடையிலோ அசையாமல் நிற்கும். செவுள் அசைவும் மெதுவாகும். இந்த ஓய்வு நேரத்தை முறைப்படுத்துவது உடலுக்குள் இருக்கும் உயிரியல் கடிகாரம். பழ ஈக்களில் அக்கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. மீன்களுக்கும் அத்தகைய கடிகாரம் உண்டு. மூளையின் மேற்புறத்தில் உள்ள பினியல் சுரப்பி, மண்டையோட்டின் வழியே வரும் ஒளியை நேரடியாக உணரும். இருள் சூழ்ந்ததும் அது மெலட்டோனின் என்ற இயக்குநீரைச் சுரந்து, 'இரவு வந்துவிட்டது' என்று உடலுக்கு அறிவிக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அந்த அறிவிப்பு குழம்பிவிடும்.

குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோமாளி மீனின் முட்டைகள்மீது இரவிலும் செயற்கை ஒளி விழுமாறு செய்தனர். ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. அம்மீனின் குஞ்சுகள் இருட்டிய பிறகே முட்டையை விட்டு வெளிவரும். இருட்டு வரவே இல்லை, குஞ்சுகளும் வரவில்லை.

நியான் டெட்ராவின் தாயகம் அமேசான் ஆற்றுப் பகுதி. அதுவும் நம் நாட்டைப் போலவே பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மீன் இனம் பழகியது இந்த ஒழுங்குக்குத்தான்.

அதற்காகத் தொட்டி விளக்கை 12 மணி நேரம் எரியவிட வேண்டாம். பகலில் அறைக்குள் வரும் வெளிச்சமே மீனுக்குப் போதும். விளக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் சரி; உயிருள்ள செடிகள் நிறைய இருந்தால் 10 மணி நேரம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். கண்ணாடியும் தண்ணீரும் பச்சையாகிவிடும். பாசியும் செடியும் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை வெளியிடும். ஆனால், இரவில் சுவாசத்துக்காக மீனோடு சேர்ந்து அவையும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். அதனால் செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலை மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், இரவில் காற்றுப் பம்பு ஓட வேண்டும் என்று பொருள்.

நீங்கள் செய்ய வேண்டியவை சில:

• விளக்கை ஒரு டைமரில் பொருத்துங்கள். மதியம் 1 மணிக்கு எரிந்து இரவு 9 மணிக்கு அணையட்டும். பள்ளி முடிந்து வந்து மீனைப் பார்க்கவும் நேரம் இருக்கும்.

• காலையில் முதலில் திரைச்சீலையை விலக்குங்கள். இரவில் தொட்டி விளக்கை அணைத்த பிறகு, சிறிது நேரம் கழித்து அறை விளக்கை அணையுங்கள். வெளிச்சம் படிப்படியாக மாறட்டும்.

• மேசை விளக்கும் தொலைக்காட்சியும்கூட மீனுக்கு வெளிச்சம்தான். இரவில் நெடுநேரம் படிப்பவர்கள் தொட்டியை வேறு அறையில் வையுங்கள். முடியாவிட்டால் துணியால் மூன்று பக்கமும் மறையுங்கள்.

• நேரடி வெயில் படும் சன்னல் ஓரத்தில் தொட்டியை வைக்காதீர்கள். தண்ணீர் சூடாகும், பாசியும் பெருகும்.

அந்த மாணவன் தொட்டியை வரவேற்பறைக்கு மாற்றினான்; டைமரும் பொருத்தினான். இப்போது காலையில் மீன்கள் மிரண்டு ஓடுவதில்லையாம்.

உங்கள் வீட்டில் மீன் இருந்தால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் உணவு கொடுங்கள். பிறகு, அந்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பிருந்தே தொட்டியைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்து, எத்தனை மீன்கள் உணவு விழும் இடத்தில் கூடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் இல்லாமலே அவை நேரம் பார்ப்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.