வால்வு ஆம்ப்ளிபயர் ஏன் உறுமுகிறது?

ஊர்த் திருவிழாவில் மைக் செட் பாடத் தொடங்குமுன் "ம்ம்ம்..." என்று ஓர் உறுமல் கேட்பது உண்டல்லவா? அந்த உறுமலைக் காதால் கேட்டே நோயைக் கண்டுபிடித்த ஒருவரைப் பற்றியும், அவர் கையாண்ட இயற்பியலைப் பற்றியும் இங்கே காண்போம்.

என் மாணவன் ஒருவன் சின்னமனூர்க்காரன். அவன் தாத்தா மைக் செட் வாடகைக்கு விட்டவர். 1960களில் கம்பம் பள்ளத்தாக்கு எங்கும் நாடகமும் பாட்டுக் கச்சேரியும் மலிந்திருந்தன. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்ததும் அந்தக் காலத்தில்தான். அன்றைய ஆம்ப்ளிபயர்கள் வால்வுகளால் இயங்கியவை. தாத்தாவின் பெட்டியும் அத்தகையதே. இப்போது அதில் உறுமலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தேனியில் மூன்று கடைகளில் காட்டினான். "இதில் ஐ.சி.யே இல்லையே, பழைய இரும்புக்குப் போடு" என்றார்களாம்.

வால்வும் மடையும்

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே கேதோடு சூடேறியதும் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. உயர் மின்னழுத்தமுள்ள நேர்மின்வாய் அவற்றை இழுத்துக்கொள்கிறது. இவ்விரண்டு மின்வாய்களைக் கொண்ட வால்வை பிளெமிங் 1904-இல் செய்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் இடையில் கிரிட் என்னும் கம்பி வலையைச் சேர்த்தார். கால்வாய் மடையின் கைப்பிடியைச் சிறிது திருப்பினால் பெரு வெள்ளம் கூடிக் குறைகிறதே, அதுபோலக் கிரிட்டின் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆர்மோனியத்தின் மெல்லிய ஒலி ஊர் முழுவதும் கேட்பது இப்படித்தான்.

1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அது சில வோல்ட்டுகளிலேயே இயங்கும். வால்வுக்கோ நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். ஆகவே மைக் செட்டுகள் மெல்ல மெல்ல டிரான்சிஸ்டருக்கு மாறின. வால்வு அறிந்த கைகளும் குறைந்தன.

பிளக்கைக் கழற்றினால் போதுமா?

பழைய மைக் செட்காரர்களிடம் விசாரித்ததில், உத்தமபாளையம் பக்கம் எழுபது வயது தாண்டிய ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருப்பது தெரிந்தது. மாணவனும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். மூடியைக் கழற்றியதும் மாணவன் உள்ளே கையை நீட்டினான். "தம்பி, கையை எடு!" என்று அதட்டினார் பெரியவர்.

"பிளக்கைத்தான் கழற்றியாச்சே, ஐயா?" என்றான் அவன்.

"மாட்டினால்தான் கடிக்கும்னு நினைச்சியா?"

அவர் சொன்னது உண்மை. பெட்டியில் 50 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று 400 வோல்ட்டில் மின்னேற்றம் பெறும். அதில் சேரும் ஆற்றல் ½CV². கணக்கிட்டால் 4 ஜூல் வரும். பிளக்கைக் கழற்றிய பிறகும் இது தங்கியிருக்கக் கூடும். ஒரு கையில் புகுந்து மறு கையால் வெளியேறினால், வழியில் இருப்பது இதயம்! எனவே அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, 10,000 ஓம் மின்தடை ஒன்றை அந்த மின்தேக்கியின் முனைகளில் வைத்தார். மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கினால் அரை வினாடி. அதன் ஐந்து மடங்காகிய இரண்டரை வினாடியில் 400 வோல்ட் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பிறகு மீட்டரை வைத்தும் பார்த்துக்கொண்டார்.

விளக்கு சொன்ன செய்தி

அடுத்து, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து மின்சாரம் கொடுத்தார். பெட்டிக்குள் குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரியும். அப்போதும் மின்னோட்டம் 0.43 ஆம்பியரைத் தாண்டாது, ஆகவே மின்மாற்றி கருகாது. எங்கள் பல்போ ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. "ஷார்ட் இல்லை" என்றார் பெரியவர்.

ஒரு ஸ்தாயி வித்தியாசம்

உறுமல் எழுந்தது. ஒலியளவுக் குமிழைச் சுழிக்குத் திருப்பினார், உறுமல் குறையவில்லை. ஆகவே அது மைக்கிலிருந்தோ அதன் கம்பியிலிருந்தோ வரவில்லை. பக்கத்திலிருந்த ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது மேல் ஸ்தாயி சார். பில்டர்தான் போயிருக்கு" என்றார். நான் வியந்து போனேன்.

நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடேற்றும் மாறுதிசை மின்னோட்டம் ஒலிச் சுற்றில் கசிந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். ஆனால் முழு அலைத் திருத்தி ஒவ்வோர் அலையின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், வினாடிக்கு 100 துடிப்புகள் உண்டாகின்றன. அவற்றைச் சமப்படுத்துவது பில்டர் மின்தேக்கி. மேல்நிலைத் தொட்டி விட்டுவிட்டு நீர் ஏற்றினாலும் குழாயில் சீராக வடிக்கிறதல்லவா, அதைப் போன்றது. உள்ளிருக்கும் மின்பகு பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துவிட, தூர்ந்த கண்மாய் போல் அதன் கொள்ளளவு குறைகிறது. துடிப்புகள் 100 ஹெர்ட்ஸ் உறுமலாக வெளிப்படுகின்றன. 50-க்கும் 100-க்கும் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளி. அலைநோக்கி காட்டுவதை அவர் காது காட்டிவிட்டது!

புதிய மின்தேக்கியை மாற்றியதும் உறுமல் அடங்கியது.

நல்ல மெக்கானிக்கை அறிவது எப்படி?

உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். நீங்கள் அதைத் திறக்கவும் வேண்டாம், சோதிக்க மின்சாரம் கொடுக்கவும் வேண்டாம். பழைய மைக் செட்காரர்களைக் கேளுங்கள். மெக்கானிக் தொடுமுன் மின்தேக்கியை இறக்குகிறாரா? முதலில் தொடர் பல்பை வைக்கிறாரா? "ஸ்பீக்கர் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்கிறாரா? ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஓட்டினால் வெளியீட்டு மின்மாற்றியில் மிகை மின்னழுத்தம் எழுந்து அதன் காப்பு சிதையக் கூடும். இம்மூன்றையும் செய்பவரை நம்பலாம்.

வால்வுகள் இன்றும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் தயாராகின்றன, பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெரியவரிடம் தொழில் பழக யாரும் இல்லை. "எனக்கப்புறம் இந்தச் சத்தத்தை யார் சார் பிரிச்சுக் கேட்பாங்க?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. இப்போது சனிக்கிழமைதோறும் என் மாணவன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அங்கே போகிறான். முதல் மாதம் முழுவதும் அவர் கற்பித்தது ஒன்றுதான்: ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது.